மறு: மறு: வாஷருக்கு அடியில் வரும் அரிப்புக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம். கடல்நீரில் துருப்பிடிக்காத எஃகும் நிக்கல் கலப்புலோகங்களும் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்ற பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உலோகத்தில் சிறு குழிகள் விழுவதற்குக் ‘குழியரிப்பு’ என்று முடிவாகிவிட்டது. வாஷர், கேஸ்கெட் அடியில் வருவதைப் ‘பிளவு அரிப்பு’ என்று எழுதியிருக்கிறேன். இருக்கட்டுமா?

---

> பிளவு அரிப்பு

வேண்டாம் ஐயா. பிளவு என்றால் உலோகமே பிளந்துவிட்டது என்று மாணவர் நினைப்பார். அடுத்த பக்கத்தில் தகைவரிப்பு வெடிப்பு (இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து உலோகத்தில் விரிசல் விழுவது) வேறு வருகிறது. இங்கே விரிசலே கிடையாது. போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சந்து, அவ்வளவுதான். உள்ளே தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். கரைந்த உலோக அயனிகள் நீரோடு வினைபுரிந்து அமிலத்தைப் பெருக்கும், வெளியிலிருந்து குளோரைடு உள்ளே நகரும், உலோகத்தைக் காக்கும் குரோமியம் ஆக்சைடுப் படலம் உடையும். வெளியே பளபளப்பு, கழற்றிப் பார்த்தால் வாஷர் உட்கார்ந்திருந்த வட்டத்தில் மட்டும் சொரசொரவென்று பள்ளம். 316 வகைத் துருப்பிடிக்காத எஃகில், அரிப்பைத் தாங்க உதவும் மாலிப்டினம் 2–3% இருந்தும் இந்தக் கதி. 625 வகை நிக்கல் கலப்புலோகத்தில் அது ஏறத்தாழ 9% இருக்கிறது, குழியரிப்பை நன்றாகவே தாங்கும். ஆனால் இறுக்கமான சந்தில் அதுவும் அடிவாங்கும். ஆக, இடம்தான் வினை. சொல்லில் இடம் தெரியட்டும்: ‘இடுக்கரிப்பு’.

---

புணர்ச்சியில் குறையில்லை, குற்றியலுகரம் முறையாகக் கெட்டிருக்கிறது. ஆனால் ‘இடுக்கில் அரிப்பு’ என்றால் வகுப்பு சிரிக்காதா? ஈழத்தில் ‘கறள்’ என்ற நல்ல சொல் இருக்கிறது; ‘இடுக்குக்கறள்’ என்னலாம். தவிர, அரி, அரம், அரிவாள், அரிசி எல்லாம் ஒரே வேர் என்பது என் கருத்து. குறளில் ‘அரம்பொருத பொன்’ வருகிறதே, அங்கே பொன் என்பது இரும்பு. அரம் தேய்ப்பதும் கடல் அரிப்பதும்…

---

அரிசியை அச்சு முடிந்ததும் பார்க்கலாம் ஐயா. கறள் துருதானே? துரு இரும்புக்கு, நிக்கலுக்கு ஏது? கரையான் அரித்தது, மண் அரித்தது என்றால் யாரும் சொறிந்துகொள்வதில்லை.

---

சரி, ‘இடுக்கரிப்பு’ என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘இடுக்கு அரிப்பு’ என்று பிரித்துவிடுகிறேன்.

---

‘இடுக்கரிப்பு’க்கு என் மறுப்பு அப்படியே இருக்கட்டும். அப்புறம், அதே பாடத்தில் அந்தக் குரோமியம் படலத்தைச் ‘செயலறு படலம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். செயலற்றது உலோகத்தை எப்படிக் காக்கும்? ‘காப்புப் படலம்’ என்றால் என்ன குறை?