விண்டோஸ் 11 மாற்றியதும் பழைய செக்ரோல் புரோகிராம் திறக்கவில்லை

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட ஆபீஸ். தொழிலாளர் வருகையும் சம்பளமும் பதியும் செக்ரோல் புரோகிராம், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ டேட்டாபேஸில் எழுதியது, 32-பிட் விண்டோஸ் 10-இல் ஓடியது. இப்போது "இந்தக் கணினியில் இயங்காது" என்கிறது. பழைய விண்டோஸ் போல ஓட்டும் கம்பாட்டிபிலிட்டி மோடும் உதவவில்லை. சம்பள நாள் நெருங்குகிறது.

பதில் 1: உதவாது அண்ணே. இதுபோன்ற பழைய 16-பிட் புரோகிராமை ஓட்டும் என்டிவிடிஎம் என்ற பகுதி 64-பிட் விண்டோஸில் கிடையாது. 11-க்கு 32-பிட் பதிப்பே இல்லை. முதலில் ஃபோல்டரை முழுசாக பென்டிரைவில் எடுங்கள். டிபிஎஃப் டேட்டா ஃபைல் மட்டும் போதாது, சிடிஎக்ஸ் இண்டெக்ஸும் எஃப்பிடி மெமோவும் வேண்டும். பிறகு டாஸ் புரோகிராமை விண்டோஸில் ஓட்டும் விடாஸ் (vDos) மென்பொருளைப் போடுங்கள். ஃபோல்டர் சி டிரைவில் நேராக இருக்கட்டும், பெயர் எட்டு எழுத்துக்குள். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைத்தால் எழுத அனுமதி கிடைக்காமல் சம்பளப் பதிவு நிற்கும்.

பதில் 2: இதே வேலை செய்யும் டாஸ்பாக்ஸ் (DOSBox) வேண்டாம், அது பழைய டாஸ் விளையாட்டுக்கு. 0.74 பதிப்பில் பிரிண்டர் போர்ட்டே இல்லை, பே ஸ்லிப் வராது. இரண்டு கணினியில் ஒரே டேட்டாவைத் திறப்பவர்களுக்கு ஒருவர் திருத்தும் பதிவை மற்றவர் மாற்றாமல் தடுக்கும் ரெக்கார்ட் லாக்கிங்கும் முக்கியம். விடாஸில் அது உண்டு.

பதில் 3: விடாஸ் முக்கியமாக டெக்ஸ்ட் திரைக்குத்தான். கிராஃபிக்ஸ் வந்தால், கணினிக்குள் இன்னொரு கணினி போல ஓடும் விர்ச்சுவல்பாக்ஸில் 32-பிட் விண்டோஸ் எக்ஸ்பி போட்டு, நெட்வொர்க்கை அணைத்துவிடுங்கள். இந்த மாதச் சம்பளத்துக்குப் பழைய கணினி இருந்தால் அதிலேயே முடிப்பது உத்தமம்.