முகவரி சரி, வீட்டில் ஆட்கள் இல்லை

கோண்டாவிலிலிருந்து:

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது நடந்தது. சி என்ற நிரல் மொழியில் புள்ளிகளைக் கூட்டும் சிறு சார்பு (ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல் துண்டு) ஒன்று எழுதினேன். விடையை அதன் உள்மாறியில் வைத்து, அந்த மாறியின் நினைவக முகவரியைச் சுட்டியாக, அதாவது இடத்தைக் காட்டும் மதிப்பாக, திருப்பி அனுப்பினேன். முதல் வரியில் 75 அச்சாகியது. சரியான விடை. அடுத்த வரியில் அதே சுட்டி காட்டியதை மறுபடி அச்சிட்டேன், 32767 வந்தது. நடுவில் நான் எதையும் மாற்றவில்லை. இரவு பதினொரு மணிவரை கூட்டலிலேயே பிழை தேடிக்கொண்டிருந்தேன்.

சார்பு முடிந்ததும் அதன் மாறிகள் தற்காலிகமாக இருந்த இடம், அதாவது அடுக்கு நினைவகம், கைவிடப்படுகிறது. அடுத்து அழைக்கப்படும் சார்பு அங்கேயே தன்னுடையதை வைக்கிறது. முதலில் 75 கிடைத்ததே தற்செயல்தான். சி மொழி இதைத் தடுப்பதும் இல்லை, விளைவு இன்னதென்று உறுதி தருவதும் இல்லை. இது விளங்கியபோது அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போன பின்பும், வெளிநாட்டிலிருந்த மாமா எங்கள் கோண்டாவில் முகவரிக்கே கடிதம் எழுதிக்கொண்டிருந்தாராம். இலக்கமும் ஒழுங்கையும் சரி; வீட்டில் ஆட்கள் இல்லை.

மானிப்பாயிலிருந்து:

தம்பி, அதே நிரலைக் கோ மொழியில் எழுதிப் பாருங்கள். 75 மாறாது. முகவரி சார்புக்கு வெளியே போகிறது என்பதைக் கம்பைலர் (நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் மென்பொருள்) முன்னரே கண்டு, சார்பு முடிந்தாலும் நிலைக்கும் குவியல் நினைவகத்தில் மாறியை வைத்துவிடும். ரஸ்ட் மொழியில் எழுதினால் கம்பைலர் ஏற்கவே மாட்டாது. எனக்கு அந்தக் கண்டிப்புத்தான் பிடிக்கும். நள்ளிரவில் அலைவதைவிட வாசலிலேயே மறித்துவிடுவது நல்லது.

வேலையில் நான் எழுதுவது ஜாவா. ஒரு பொருளை அச்சிட்டால் அட் குறிக்குப் பின்னால் வரும் எண்ணை நினைவக முகவரி என்று நம்பி, ஒரு நாள் முழுவதும் பிழை தேடினோம். அது ஹாஷ் எண், பொருளுக்குக் கொடுக்கப்படும் ஓர் எண் மட்டுமே. பயன்படாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பான் பொருட்களை இடம் மாற்றக்கூடும் என்பதால் ஜாவா முகவரியை நம் கையில் தருவதில்லை.

பருத்தித்துறையிலிருந்து:

நான் உயர்தர மாணவர்களுக்குப் பைதன் கற்பிக்கிறேன். "சேர், பைதனில் சுட்டி இல்லைத்தானே?" என்று ஒரு மாணவி கேட்டாள். அன்றே அவளுடைய நிரலில் விடை கிடைத்தது. நான்கு மாணவருக்கு மூன்று பாடப் புள்ளிகள் என்று அட்டவணை அமைக்க, மூன்று பூச்சியங்கள் கொண்ட பட்டியலை இன்னொரு பட்டியலுக்குள் வைத்து, அதை நான்கால் பெருக்கியிருந்தாள். முதல் மாணவருக்கு 68 போட்டாள். நால்வருக்கும் 68 விழுந்தது.

ஒவ்வொரு வரிசைக்கும், அதன் அடையாள எண்ணைத் தரும் ஐடி சார்பைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். வழக்கமான பைதனில் அது தருவது நினைவக முகவரியைத்தான். நான்கு முறையும் ஒரே எண். கரும்பலகையில் ஒரு பெட்டியும் அதை நோக்கி நான்கு அம்புக்குறிகளும் வரைந்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. பெருக்கலை அழித்து, ஃபோர் வளையத்துக்குள் ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாக உருவாக்கினாள். இம்முறை நான்கு வெவ்வேறு எண்கள் வந்தன.