அரிசோனா – வேகாஸ் பயணம்: எந்த டிஸ்க் கால்ஃப் கோர்ஸ்? (அவசரம்)

மேட்டுத்தெரு:
எல்லாருக்கும் வணக்கம். லீவுக்கு பீனிக்ஸ்ல இறங்கி கார்ல வேகாஸ் வரைக்கும் போறோம். நடுவுல டிஸ்க் கால்ஃப் (தட்ட எறிஞ்சு கம்பிக் கூடைல, அதாவது பாஸ்கெட்ல போடுற ஆட்டம்) மூணு ரவுண்டாவது ஆடணும். ஆப்ல பார்த்தா ஏகப்பட்ட கோர்ஸ் காட்டுது, எல்லாத்துக்கும் நாலு நட்சத்திரம். எதுக்குப் போகலாம், எத விடலாம்? பாலைவனத்துல ஆடினதே இல்ல. இன்னிக்கே ஹோட்டல் போடணும், சீக்கிரம் சொல்லுங்க.

பனைமரம்:
எந்த மாசம் ப்ரோ? அதச் சொல்லாம பேர் கேட்டா எப்படி. பிப்ரவரின்னா ஒரு பட்டியல், ஜூலைன்னா வேற. எத்தன நாள், கூட யாரு, எறி எவ்வளவு தூரம் போகும், இதெல்லாம் சொல்லுங்க.

தூரஎறி:
எந்த மாசமா இருந்தா என்ன, பீனிக்ஸ் பக்கத்துல ஃபவுன்டன் ஹில்ஸ் போகாம வந்தா அது அரிசோனாவே இல்ல. மெமோரியல் சாம்பியன்ஷிப்னு பெரிய டிஸ்க் கால்ஃப் போட்டி நடந்த இடம். ஏரியச் சுத்தி ஆட்டம். காலைல 9 மணிலேருந்து ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் நடு ஏரில நீரூற்று கால் மணி நேரம் எழும்பும். அந்தத் தண்ணித் தூண் எந்தப் பக்கம் சாயுதோ, காத்து அந்தப் பக்கம். தனியா காத்து பார்க்கவே வேண்டாம். ஒண்ணு, தண்ணில போன டிஸ்க்க எடுக்க உள்ள இறங்காதீங்க. அது சுத்திகரிச்ச கழிவுநீர். ஏரிப் பக்கம் திரும்புற ஹோல்ல எல்லாம் பழைய டிஸ்க்க எறியுங்க, இல்லன்னா மிதக்குற ரகம்.

நெற்றிக்கண்:
இந்தக் கேள்வி வருஷத்துக்கு நாலு தடவ வருது. மேல ஒரு தேடல் பெட்டி இருக்கு, அத யாரும் அலங்காரத்துக்கு வைக்கல. சரி, கேட்டதுக்கு: நட்சத்திரத்த வெச்சு கோர்ஸ் எடுக்கிறது முதல் தப்பு. யூடிஸ்க் ஆப்ல கோர்ஸத் திறந்ததும் கடைசி ரெண்டு வாரக் கருத்துகளப் படிங்க. பாஸ்கெட் இடம் மாத்தினது, டீ (முதல் எறி எறியிற இடம்) பலகை காணாமப் போனது, போட்டி நடக்குற நாள், எல்லாம் அங்கதான் வரும். அடுத்து ஹோல் நீளம். 18 ஹோல் சேர்ந்து 5,000 அடிக்குள்ளன்னா வெயில்லயும் முடிக்கலாம், 8,000 தாண்டினா ரெண்டரை மணி நேரத்துக்கு மேல இழுக்கும். மூணாவது, படத்துல நிழல் இருக்கான்னு பாருங்க. வரைபடத்த முன்னாடியே இறக்கி வெச்சுக்குங்க, மலைப்பக்கம் சிக்னல நம்ப முடியாது. இவ்வளவும் அஞ்சு நிமிஷ வேலை.

கல்கண்டு:
எல்லாரும் கோர்ஸப் பத்திப் பேசுறீங்க, உயரத்த யாரும் தொடல. பீனிக்ஸ் 1,100 அடி, வேகாஸ் 2,000, ஃப்ளாக்ஸ்டாஃப் 7,000. ஃப்ளாக்ஸ்டாஃப்ல காத்து கடல்மட்டத்த விட கிட்டத்தட்ட ஐந்துல ஒரு பங்கு மெலிசு. டிஸ்க்கத் தூக்கிப் பிடிக்கிற காத்து குறைஞ்சா வலது பக்கத் திருப்பம் வராது, சீக்கிரமே இடது பக்கம் விழும் (வலது கைய உடம்புக்குக் குறுக்க வெச்சு வீசுற பேக்ஹேண்டுக்குச் சொல்றேன்). ஊர்ல நேராப் போற டிஸ்க் அங்க முரட்டுத்தனமா இடது பக்கம் ஓடும். அதனால திருப்ப எண் (டிஸ்க் எவ்வளவு வலது பக்கம் திரும்பும்னு காட்டுறது) -2, -3 இருக்கிற, கொஞ்சம் எடை குறைஞ்ச டிஸ்க் ரெண்டு வெச்சுக்குங்க. இது இல்லாம எந்தக் கோர்ஸ் போனாலும் ஒண்ணுதான்.

சாண்ட்லர்க்காரன்:
கல்கண்டு அண்ணே, எந்த இழைக்கு வந்தாலும் உங்களுக்கு உயரம்தான். 200 அடி எறியிறவருக்கு அந்த வித்தியாசம் ஒரு கை அகலம். இங்க பேச வேண்டியது வெயில்.

மேட்டுத்தெரு:
மன்னிக்கணும், சொல்ல மறந்துட்டேன். ஜூலை நடுவுல. நான், வீட்டுக்காரர், பசங்க ரெண்டு பேர் (9, 12). அஞ்சு நாள். என் எறி 220 அடி வரும், அவர் 300. ஆளுக்கு ஆறு டிஸ்க். அப்புறம் நான் ப்ரோ இல்ல 🙂

பனைமரம்:
சாரிங்க. ஜூலைன்னா மேல சொன்னதுல பாதிய அழிச்சிடலாம். பீனிக்ஸ்ல அந்த மாசம் பகல் உச்சம் சராசரியாவே 41, 42 டிகிரி. ராத்திரி கூட 29-க்குக் கீழ இறங்கறது கஷ்டம். ஃப்ளாக்ஸ்டாஃப்ல உச்சமே 28 தான். அதனால இப்படி வெச்சுக்குங்க:

பீனிக்ஸ்ல ஒரே ராத்திரி. மறுநாள் சூரியன் எழும்பும்போதே, அதாவது 5.30-க்கு, ஸ்காட்ஸ்டேல் விஸ்டா டெல் காமினோல முதல் டீ. புல்தரை, மரம் இருக்கு, பசங்களுக்குக் கள்ளி பயம் கம்மி. 8 மணிக்குள்ள கார்ல ஏறிடணும், முடியலன்னா 12 ஹோலோட நிறுத்துங்க. அங்க சைக்கிள் பாதை ஃபேர்வேக்கு (டீலேருந்து பாஸ்கெட் வரைக்கும் எறியிற வழி) நடுவுலயே போகும். ஆள் கடந்து முடிச்சப்புறம்தான் எறியணும். இன்னொண்ணு, அந்தப் பூங்கா இண்டியன் பெண்ட் வாஷ்ங்கிற வெள்ள வடிகாலுக்குள்ளயே இருக்கு. முந்தின ராத்திரி மழை கொட்டியிருந்தா போகாதீங்க.

அப்புறம் 17-ம் நெடுஞ்சாலைல ஃப்ளாக்ஸ்டாஃப், சுமார் 145 மைல். இங்க ரெண்டு ராத்திரி போடுங்க. ஃபோர்ட் டட்ஹில்: உயரமான பாண்டரோசா பைன் காடு, நல்ல நிழல், தூரத்த விட நேரா எறியிறதுதான் முக்கியம். 220 அடிக்காரங்களுக்கு இதவிடப் பொருத்தமான இடம் கிடையாது. வீட்டுக்காரருக்கு நீள ஆட்டம் வேணும்னா ஸ்னோபௌல் பனிச்சறுக்கு மலைல கோடைல கோர்ஸ் உண்டு. 9,000 அடிக்கு மேல, மூச்சு வாங்கும், பசங்களக் கூட்டிட்டுப் போகாதீங்க.

வேகாஸ்ல சன்செட் பார்க், விமான நிலையத்துக்குப் பக்கத்துலயே. அதுவும் விடியற்காலைல மட்டும். முடியலன்னா விட்டுடுங்க, நஷ்டமில்ல.

கல்கண்டு:
9,000 அடின்னு நீங்களே சொல்லிட்டீங்க. அங்க உயரம் முக்கியமில்லையா?

சாண்ட்லர்க்காரன்:
சரி, அங்க மட்டும் ஒத்துக்கறேன். ஆனா ஸ்னோபௌல்ல அதவிடப் பெரிய விஷயம் இடி. அரிசோனா மான்சூன் ஜூன் 15லேருந்து செப்டம்பர் 30 வரைக்கும். மதியம் ஆனா மேகம் கூடும். காலைல ஏறி 11-க்கெல்லாம் இறங்கிடணும். இடி கேட்டா கார்க்குள்ள, கடைசி இடிக்கப்புறம் அரை மணி நேரம் கழிச்சுத்தான் வெளிய.

தண்ணி: கீழ பீனிக்ஸ், வேகாஸ்ல ஆடுறப்ப ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர். நாலு பேர், ரெண்டரை மணி, அதாவது பத்து லிட்டர். பாதில உப்புச் சர்க்கரைக் கரைசல் கலந்துக்குங்க. டிஸ்க் பையக் கார்ல விட்டுட்டுப் போகாதீங்க, மூடின கார்ல பிளாஸ்டிக் கோணிக்கும். கோணினா வெந்நீர்ல முக்கி, சமதளத்துல வெச்சு ஆறவிடுங்க, ஓரளவு நேராகும்.

நெற்றிக்கண்:
வேகாஸ் அரிசோனாவுக்கு ஒரு மணி நேரம் பின்னாடி, விடியற்காலைக் கணக்கு போடும்போது அதையும் பாருங்க.

பனைமரம்:
அது குளிர்காலத்துல. அரிசோனா கோடைல கடிகாரத்த மாத்தாது, நெவாடா மாத்தும். ஜூலைல ரெண்டும் ஒரே நேரம். தேடல் பெட்டிலயே இருக்கு அண்ணே.

மீனாட்டம்:
கள்ளி பத்தி யாரும் சொல்லலயே. கோர்ஸ்ல வெயில்ல வேகாத இடம் இருந்தாலும் கள்ளி இல்லாத இடம் கம்மி. சோயான்னு ஒரு கள்ளி (தின்ற சோயா இல்ல, சோல்லான்னு எழுதுவாங்க). லேசா உரசினாலே ஒரு கணு கழண்டு வந்து ஒட்டிக்கும். முள்ளு முனைல பின்னோக்கின செதில் இருக்கிறதால இழுக்க இழுக்கத் தோலும் சேர்ந்து வரும். கையால தொட்டா அந்தக் கையும் மாட்டும். பெரிய பல்லு சீப்பு ஒண்ணு வெச்சுக்குங்க. தோலுக்கும் கணுவுக்கும் நடுவுல சீப்ப விட்டு ஒரே உதறு, எதிர்ல யாரும் நிக்கக் கூடாது. மிச்ச முள்ளு இடுக்கி. சப்பாத்திக்கள்ளிக்கு இது போதாது, அதோட மயிர்முள்ளு கண்ணுக்கே தெரியாது. ஒட்டுற டேப்ப அழுத்தி உரிக்கணும்.

புதருக்கடில, பாறை இடுக்குல டிஸ்க் போனா கைய விடாதீங்க, நீளக் குச்சியால இழுங்க. ராட்டில் பாம்பு வெயில் நேரம் அங்கதான் படுத்திருக்கும். செருப்பு வேண்டாம், ஷூ. டிஸ்க் நிறம் ரோஸ். மஞ்சள், பச்சை எடுத்தா தேடியே பொழுது போகும்.

தூரஎறி:
கள்ளிக்குள்ள போனா கவலை எதுக்கு? தண்டனை இல்லாம 5 மீட்டர் வரைக்கும் பின்னாடி எடுத்துக்கலாமே.

நெற்றிக்கண்:
முடியாது. பிடிஜிஏ (தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கம்) விதில தண்டனை இல்லாமத் தள்ளவோ விலகவோ சலுகை தேங்கின தண்ணி, உதிர்ந்த இலை குப்பை, மரத்தோட ஒட்டாத முறிஞ்ச கிளை, வண்டி, ஆபத்தான பூச்சி அல்லது விலங்கு, ஆளுங்க, ஆட்டக்காரர் சாமான், போட்டி இயக்குநர் தனியாச் சொன்னது, இவ்வளவுக்குத்தான். கள்ளி வேர்விட்ட செடி. பின்னாடி போகணும்னா ஒரு எறி தண்டனை.

தூரஎறி:
பாம்புக்கு உண்டு, முள்ளுக்கு இல்லையா? ரெண்டும் குத்தும்.

மீனாட்டம்:
கழண்டு விழுந்து கிடக்கிற சோயா கணு? அது செடியோட ஒட்டல. முறிஞ்ச கிளைக் கணக்குல வராதா?

நெற்றிக்கண்:
...வரும். நிக்கிற இடத்துல கிடந்தா தள்ளலாம். உங்க டிஸ்க்குக்கும் பாஸ்கெட்டுக்கும் நடுவுல கிடந்தா தொடக் கூடாது.

சாண்ட்லர்க்காரன்:
டிஸ்க்குக்குப் பின்னாடி தரைல 20-க்கு 30 சென்டிமீட்டர் பெட்டி ஒண்ணு இருக்கிறதா நினைச்சுக்குங்க. அதுல ஒரு கால் முனை பட்டாலே நிக்கிற கணக்குதான், இன்னொரு கால எங்க வேணா வெச்சுக்கலாம், பாஸ்கெட்டுக்குக் கிட்ட மட்டும் கூடாது. கள்ளி ஓரமா இருந்தா பெரும்பாலும் இதுவே போதும். வீட்டாட்டத்துக்கு விதிப்புத்தகமே வேண்டாம், பசங்கள ரெண்டடி தள்ளி எறியச் சொல்லுங்க.

தூரஎறி:
அப்ப விதி எதுக்கு இருக்கு?

(இதுக்கு அப்புறம் பதினேழு பதில் பாம்பா முள்ளா என்பதிலேயே போனது.)

மேட்டுத்தெரு:
வந்தாச்சு. ஃபோர்ட் டட்ஹில் ரெண்டு ரவுண்டு, விஸ்டா 13 ஹோல், வேகாஸ் விட்டாச்சு. சீப்பு ரொம்ப உதவிச்சு. எல்லாருக்கும் நன்றி.

தூரஎறி:
சீப்பு உதவிச்சுன்னா, கணு கீழ கிடந்ததா, செடியோட இருந்ததா?

நெற்றிக்கண்:
டிஸ்க் அதுக்கு முன்னாடி இருந்ததா பின்னாடி இருந்ததா, அதையும் சொல்லுங்க.