டாவின்சி கோட் பாதியில் நிற்கிறது, உதவுங்கள்

கட்டபெட்டில் நாங்கள் ஆறேழு பேர் மாதம் ஒரு நாவல் படித்துப் பேசுகிறோம். ஞாயிறு என் முறை. எடுத்தது டான் பிரவுனின் ‘டாவின்சி கோட்’, 2003இல் வந்தது. கீழே வைக்கவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை.

ஊட்டி பஸ்ஸில் படித்துக்கொண்டே, இறங்க வேண்டிய கட்டபெட்டைத் தாண்டி கோத்தகிரி வரை போய்விட்டேன். குட்டிக் குட்டியாக 105 அத்தியாயங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கொக்கி. அப்புறம்தான் உறுத்தியது. தொடக்கத்தில் ‘உண்மை’ என்று தலைப்பிட்டு, கதையில் வரும் ரகசிய அமைப்பான சியோன் சங்கம் 1099இல் தோன்றியது என்கிறார். தேடினால், அது 1956இல் பிரான்சில் பதிவானது; அதைப் பழமையானதாகக் காட்டும் ஆவணங்கள் போலியாம்.

வெறும் கதைதானே என்று இரண்டு முறை முதலிலிருந்து தொடங்கிவிட்டேன். அறுபதாவது அத்தியாயம் தாண்டவில்லை.

படித்தவர்கள் சொல்லுங்கள்: அந்த ‘உண்மை’ பக்கத்தை மறந்துவிட்டால் மீதிக் கதை தாங்குமா?