கையொப்பத்தை வெட்டிவிட்டுப் பகிர்ந்த படம்: பெயர் போட்டால் போதுமா?

கரைக்கோடு எழுதியது:
பாம்பன் அருகே சின்னப்பாலம் கரையில் கடல்பாசி எடுத்துத் திரும்பும் பெண்களை நான் வரைந்த கோட்டோவியத்தை, இராமேசுவரத்து விடுதி ஒன்று அறை வாடகை விளம்பரத்துக்காகத் தன் முகநூல் பக்கத்தில் ஏற்றியிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓரத்தில் இருந்த கையொப்பமும் வெட்டப்பட்டிருக்கிறது. விசாரித்தபோது, பெயரைக் கீழே போட்டுவிடுகிறோம் என்று பதில் வந்தது. அது போதுமா?

பாம்பன்வாசி எழுதியது:
போதும் என்றே கருதுகிறேன். பொதுவெளியில் தாங்களே ஏற்றிய படம் அது. இராமநாதபுரம் இராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவரோவியங்களின் படங்கள் யாரையும் கேட்காமல் இணையத்தில் பகிரப்படுவதால்தான் வெளியூரார் அவற்றை அறிகிறார்கள்.

கரைக்கோடு எழுதியது:
அவை சேதுபதி மன்னர்கள் காலத்தவை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஓவியரின் வாழ்நாளுக்கும் அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளுக்குமே உரிமை தருவதால், அவற்றுக்கு அந்தப் பேச்சே எழாது. நான் உயிரோடு இருக்கிறேன். என் தொலைபேசி எண்ணும் நான் படத்தை ஏற்றிய பக்கத்திலேயே இருக்கிறது. படைத்தவர் இன்னார் என்று உரிமை கோருவது 57ஆம் பிரிவு. படியெடுக்கவும் பொதுமக்களிடம் கொண்டுசெல்லவும் உள்ள உரிமை 14ஆம் பிரிவு. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை ஈடுகட்ட முடியாது. விமரிசனத்துக்கும் செய்திக்கும் 52ஆம் பிரிவு விலக்குத் தருகிறது என்றாலும், அறை வாடகை அந்தக் கணக்கில் வராது.

உப்புக்காற்று எழுதியது:
வாதம் நடக்கட்டும். முதலில் அந்தப் பதிவைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நீக்கிவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

பாம்பன்வாசி எழுதியது:
விளம்பரம் என்ற இடத்தில் என் வாதம் தளர்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு நீரில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பறித்துவந்த அந்தப் பெண்களிடம் தாங்கள் அனுமதி கேட்டீர்களா? என் அத்தையும் பாசிக்குப் போனவர் என்பதால் கேட்கிறேன். அவர்கள் உருவம் தங்கள் தாளுக்கு வந்ததும் தங்கள் சொத்தாகிவிட்டதே!

கரைக்கோடு எழுதியது:
நியாயமான கேள்வி. இரண்டு நாள் கரையில் உட்கார்ந்து, வரையலாமா என்று கேட்டுத்தான் வரைந்தேன். ஓர் அம்மா முகம் வேண்டாம் என்றார். படத்தில் முதுகு காட்டி நிற்பவர் அவர்தாம். இணையத்தில் ஏற்றப்போவதாக நான் யாரிடமும் சொல்லவில்லை, அது என் பிழை. அடுத்த முறை படத்தைக் காட்டிக் கேட்பேன். ஆயினும் வேண்டாம் என்று சொல்ல அந்த அம்மாவுக்கு வாய்ப்பு இருந்தது. விடுதி எனக்கு அதைத் தரவில்லை.

பாம்பன்வாசி எழுதியது:
கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களா?

கரைக்கோடு எழுதியது:
விளம்பரத்துக்குக் கொடுத்திருக்க மாட்டேன். பாசி எடுப்பவர்கள் தங்கள் கூட்டத்துக்குக் கேட்டால் காசில்லாமல் கொடுப்பேன்.

பாம்பன்வாசி எழுதியது:
விடுதிக்காரர்கள் ஏன் கேட்கவில்லை என்பது இப்போது விளங்குகிறது.