ஸ்லோவேனியாவா, குரோஷியாவா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

ஈசார்க்கரை (மியூனிக்)

முதலில் என் கதை. 2024 பெந்தெகொஸ்தே விடுமுறையில் ஒன்பது நாள் கையில் இருந்தது. சேலத்திலிருந்து அப்பா அம்மா வந்திருந்தார்கள், கூடவே ஆறு வயதுப் பையன். எனக்கு குரோஷியாவின் டுப்ரோவ்னிக் கோட்டைச் சுவரின் மேல் ஒருமுறை நடந்துவிட வேண்டும். மனைவிக்கு ஸ்லோவேனியாவின் பிளெட் ஏரி. பையன் தூங்கியதும் தினமும் இதே பஞ்சாயத்து. கடைசியில் தீர்ப்புச் சொன்னது அம்மாவின் முழங்கால்தான். டுப்ரோவ்னிக் எங்கள் வீட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். பிளெட் நாலு மணி நேரம். அப்புறம் என்ன பேச்சு?

அந்த நாலு மணி நேரம் மேப் சொன்ன கணக்கு. ஆஸ்திரியாவின் டவர்ன் நெடுஞ்சாலையில் சுரங்கப்பாதை வேலை நடந்துகொண்டிருந்தது, நாங்கள் போய்ச் சேர ஏழு மணி நேரம் ஆனது. காசும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்: ஆஸ்திரியாவுக்கு ஒரு விக்னெட் (நெடுஞ்சாலைக் கட்டணச் சீட்டு), டவர்ன், காரவாங்கென் சுரங்கங்களுக்குத் தனியாகக் கட்டணம், ஸ்லோவேனியாவுக்கு இன்னொரு விக்னெட். காரவாங்கென் சுரங்கம் கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர். உள்ளே நுழையும்போது ஆஸ்திரியா, வெளியே வந்தால் ஸ்லோவேனியா. பாஸ்போர்ட்டில் சீல் குத்தவில்லை என்று பையனுக்குத்தான் வருத்தம்.

பிளெட் ஏரியின் நடுவே ஒரு குட்டித் தீவு, அதன் மேல் ஒரு தேவாலயம். பிளெட்னா என்கிற துடுப்புப் படகில் போய் இறங்கினால் எதிரே 99 கல்படி. அம்மா அண்ணாந்து பார்த்தார். "பழனின்னா ஏறிடுவேன், இதுக்கு நீங்களே போய்ட்டு வாங்க" என்று கீழேயே உட்கார்ந்துவிட்டார். மேலே ஒரு மணி இருக்கிறது, வேண்டிக்கொண்டு கயிற்றை இழுத்தால் நடக்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை. நாங்கள் இறங்கி வந்ததும் அம்மா பையனிடம், "நீ மட்டும் ரெண்டு தடவை அடிச்ச, இல்ல?" என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்னும் சொல்லவில்லை.

எனக்குப் பிடித்தது பிளெட் அல்ல, போஹிஞ். அரை மணி நேரம் உள்ளே போனால் வரும் பெரிய ஏரி, மோட்டார் படகுச் சத்தம் கிடையாது, கூட்டமும் பாதிதான். அங்கே ஒரு கிராமத்து உணவகத்தில் சாப்பாட்டு அட்டையில் ஆய்தோவி ஜ்கான்சி என்று ஒன்று இருந்தது. பக்வீட் என்கிற தானியத்தின் மாவைக் கிண்டி உதிர்த்துவிட்டது, தொட்டுக்கொள்ளப் புளித்த பால். மேலே பன்றிக் கொழுப்பை வறுத்துத் தூவுவார்கள், அது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மண் சட்டியில் வந்தது. கறுப்பும் பழுப்புமாக ஒரு நிறம், ஆவி பறந்தது. அப்பா ஸ்பூனை ஓரமாக வைத்துவிட்டு ஒரு உருண்டையைக் கையில் எடுத்து, தயிரில் தோய்த்து வாயில் போட்டார். "ஏம்மா, இது நம்ம களிதானே?" அம்மாவும் ஒரு வாய் போட்டார். "ஆமாங்க. உப்புதான் பத்தலை." பரிமாற வந்த பெண் அப்பாவின் கையைப் பார்த்துச் சிரித்தாள், திட்டுவாளோ என்று எனக்குத்தான் பயம். கேட்காமலே இன்னொரு கிண்ணம் புளித்த பால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அப்பா சேலத்துக்குத் திரும்பிய பிறகு ஏரியைப் பற்றி யாரிடமும் பேசியதாகத் தெரியவில்லை, களிக்கதை மட்டும் ஊர் முழுக்கத் தெரியும்.

டுப்ரோவ்னிக் பாக்கி இருக்கிறது. அங்கே போனவர்கள் சொல்லுங்கள், நான் எதை விட்டேன்?

குடையோடு வருபவள் (லண்டன்)

வெயிலை விட்டீர்கள், வேறென்ன! 2023 ஜூலையில் நானும் கணவரும் போனோம். லண்டன் மழையில் ஊறிப்போனவர்களுக்கு ஏரி காட்டினால் என்ன தோன்றும்? கடல் வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு குரோஷியா. அந்த வருடம் ஜனவரி 1 அன்றுதான் அவர்கள் யூரோவுக்கு மாறி, ஒரே விசாவில் பல நாடு சுற்றும் ஷெங்கனிலும் சேர்ந்திருந்தார்கள். கடைகளில் விலைச்சீட்டில் யூரோவுக்குக் கீழே அவர்களின் பழைய பணமான குனாவிலும் விலை இருந்தது.

ஸ்ப்ளிட்டில் நாலு ராத்திரி. ரோமப் பேரரசர் டயோக்ளிஷியன் கட்டிய அரண்மனைக்குள் இன்றைக்கும் குடித்தனம் நடக்கிறது, தூண்களுக்கு நடுவே துணி காய்கிறது. ஒருநாள் ஃபெர்ரியில் பிராச் தீவுக்குப் போனோம், ஐம்பது நிமிடம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் மணல் கிடையாது, எல்லாம் கூழாங்கல்லும் பாறையும். ரப்பர் செருப்பு வாங்கலாம் என்றேன், "நாமென்ன மெரினாவுல செருப்பு போட்டா நிக்கிறோம்?" என்றார் இவர். பத்தாவது நிமிடத்தில் கடல் முள்ளெலியை மிதித்தார். உள்ளங்காலில் ஏழு கறுப்பு முள், பென்சில் முனை ஒடிந்து உள்ளே நின்றது போல.

நொண்டிக்கொண்டே ஸ்ப்ளிட்டுக்குத் திரும்பினோம். நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மாளுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும், ஆங்கிலம் பத்து வார்த்தை. காலைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஆலிவ் எண்ணெயும் ஊசியும் எடுத்து வந்தார். இவர் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார், எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. எண்ணெயைத் தடவி ஊறவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். இவர் துள்ளும்போதெல்லாம் "பொலாகோ, பொலாகோ" என்றார், மெல்ல மெல்ல என்று அர்த்தமாம். ஆறு வந்தது, ஏழாவது லண்டன் வரை கூடவே வந்தது.

இப்போது டுப்ரோவ்னிக். சுவர் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுற்று, அப்போது ஆளுக்கு 35 யூரோ. காலை எட்டு மணிக்குத் திறந்ததும் ஏறிவிடுங்கள். நாங்கள் பதினோரு மணிக்குப் போனோம். மதுரைச் சித்திரை வெயிலில் வளர்ந்த நானே பாதியில் நிழல் தேடினேன். உங்கள் அம்மாவை அழைத்துப் போகாதது நல்லது, மேலும் கீழுமாக எல்லாம் படிதான்.

சைவச் சாப்பாடு கஷ்டமில்லை. சீஸ் வைத்த புரேக், குடமிளகாய் அரைத்த ஐவார், கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டோடு மசித்த பிளிட்வா. நான் பிளிட்வாவிலேயே ஒரு வாரம் ஓட்டினேன்.

பெட்டி கட்டி (ஸ்டுட்கார்ட்)

எனக்குத் தேர்வு செய்கிற வேலையே வைக்கவில்லை. 2023 ஆகஸ்ட் 5 அன்று பிளெட்டில் அறை போட்டிருந்தேன். முந்தின நாள் ஸ்லோவேனியாவில் பெருவெள்ளம். சாலை எதெது திறந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், இத்தாலி வழியாகச் சுற்றிக்கொண்டு குரோஷியாவின் இஸ்திரியாவில் ரோவின் ஊருக்குப் போய்விட்டோம். திட்டமே போடாமல் போன அந்த ஊர்தான் இப்போது வீட்டில் எல்லாருக்கும் பிடித்த ஊர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய நகரம், தெருப்பலகைகளில் குரோஷிய மொழியும் இத்தாலியமும் சேர்ந்தே இருக்கும்.

பேராசைதான் கெடுத்தது. திரும்பும் வழியில் பிளிட்விட்சே ஏரிகளையும் பார்த்துவிடலாம் என்று வண்டியைத் திருப்பினேன். உள்ளே நுழைய நேரம் குறித்த டிக்கெட், அன்றைக்குக் காலை நேரமெல்லாம் தீர்ந்துவிட்டது. மதியம் கிடைத்தது, ஆளுக்கு 40 யூரோ. பதினாறு ஏரி, பச்சையும் நீலமுமாக. பாலப் பலகையில் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தபடியேதான் நடந்தேன். குளிக்கவும் விடமாட்டார்கள். அது சனிக்கிழமை வேறு. வாடகை வீடுகளில் ஆள் மாறும் நாள் என்பதால் நெடுஞ்சாலையே நகரவில்லை. ஆறேழு நாளில் இரண்டு நாட்டையும் முடிக்கப் பார்க்காதீர்கள், சொல்லிவிட்டேன்.

வேளச்சேரி (சென்னை)

இந்தியாவிலிருந்து விசா எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. எங்களுக்கு ஒரே ஒருமுறை நுழையும் விசா. அது தெரியாமல் டுப்ரோவ்னிக்கில் ஒரு முகவரிடம் மாண்டிநீக்ரோவின் கோட்டோருக்கு ஒருநாள் சுற்றுலா வாங்கிவிட்டோம். மாண்டிநீக்ரோ ஷெங்கனில் இல்லை, போனால் திரும்பி நுழைய முடியாது. முந்தின ராத்திரி மனைவி விசாவை எடுத்துப் பார்த்ததால் தப்பித்தோம், பணம் போனது போனதுதான். ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக்குக்குப் பஸ்ஸில் போகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், வழியில் வரும் போஸ்னியாவும் ஷெங்கனில் இல்லை. 2022-இல் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு போஸ்னியாவுக்குள் நுழையாமலே போகலாம். ஆனால் உங்கள் பஸ் பாலம் வழியாகப் போகிறதா, போஸ்னியா வழியான பழைய பாதையில் போகிறதா என்று டிக்கெட் எடுக்கும்போதே விசாரியுங்கள்.

ஈசார்க்கரை (மியூனிக்)

எல்லாருக்கும் நன்றி. அடுத்த வருடம் அப்பா அம்மா வரவில்லை, நாங்கள் மூவர் மட்டும். ரோவின் என்று முடிவாகிவிட்டது, டுப்ரோவ்னிக் இன்னொரு முறை. ரப்பர் செருப்பு மூன்று ஜோடி வாங்கியாயிற்று. அப்பா மட்டும் ஃபோனில், "அந்தப் பக்கமும் களி கிடைக்குமான்னு கேட்டு வை" என்கிறார்.