'பர்சாத்தி'க்குத் தமிழில் என்ன சொல்வது?

டெல்லியில் நடக்கும் ஒரு சிறுகதையைத் தமிழாக்குகிறேன். மூன்று வாரமாக ஒரே சொல்லில் நிற்கிறேன்: பர்சாத்தி. இந்தியில் 'பர்சாத்' என்றால் மழை, மழைக்காலம். பர்சாத்தி என்றால் மழைக்கோட்டும்தான், மொட்டை மாடியில் தனியாக நிற்கும் சின்ன அறையும்தான்.

'மாடி அறை' எந்த மாடிக்கும் பொருந்தும். 'மச்சு' என்றால் எனக்குப் பரண்தான் நினைவுக்கு வருகிறது. 'நிலாமுற்றம்' அழகு, ஆனால் அது திறந்தவெளி. சிலப்பதிகாரத்து 'வேயா மாடம்' என்பதும் அதுவே. 'பென்ட்ஹவுஸ்' வேண்டவே வேண்டாம். அதன் மூலம் சுவரில் ஒட்டிய சாய்ப்பைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்; 'ஹவுஸ்' பிறகு காதில் தவறி விழுந்து ஒட்டிக்கொண்டது. ஆனாலும் சிங்கப்பூரில் அப்படி எழுதினால் கோடீஸ்வரர் வீடுதான் கண்ணில் வரும். நம் ஆளோ வாடகை பாக்கி வைத்திருப்பவன்.

நான் இங்கே தோ பாயோ அடுக்குமாடி புளோக்கில் வளர்ந்தவள், மொட்டை மாடியை மிதித்ததே இல்லை. அம்மாவிடம் கேட்டால் 'மேல் ரூம்' என்கிறார். விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் அகராதிகளையும் புரட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை கதையைக் கொடுக்க வேண்டும்.

மொட்டை மாடியில் தனியாகக் கட்டிய ஒற்றை அறையை உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்?